கிழக்கு ஓரத் தகடு

இந்த மின்விசிறியின் பேரிங் தேய ஆரம்பித்திருக்கிறது, இப்போதே கிரீஸ் வைத்தால் இன்னும் இரண்டு கோடை தாங்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் அந்தத் தாளை என் பக்கம் நகர்த்தினீர்கள். நினைத்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை. கேட்காதவர்களிடம் எதையும் சொல்வதை நான் நிறுத்தி நாளாகிறது.

தாளைப் படித்தேன். எங்கள் நிறுவனத்தின் வக்கீல் இராஜாங்கம் நன்றாகவே எழுதியிருக்கிறார். விரிசல் தொட்டியின் மேற்கு ஓரத்தில் இருப்பதாகக் கருவி தவறாகக் காட்டியது. கிழக்கு ஓரத்தில் இருப்பது செம்மொழி ஆகிய எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இருக்கவில்லை. அவ்வளவுதான். இதன் கீழே என் பெயரை எழுதிவிட்டால் அரிசி ஆலைத் தொழிலாளி அம்சம் இறந்தது விபத்து என்று முடிந்துவிடும், நான் வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். விசாரணை அதிகாரி ஒருவர் இவ்வளவு தன்மையாகப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால் சில விஷயங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் வேலையை விளக்குவது எளிது. இரும்புத் தகட்டில் விரிசல் வளரும்போது அது சத்தம் போடும். மனிதக் காதுக்கு எட்டாத சத்தம். தகட்டின்மேல் சில இடங்களில் சட்டைப் பொத்தான் அளவுள்ள சென்சார்களைக் கிரீஸ் தடவி ஒட்டிவைத்தால், அந்தச் சத்தம் எந்தச் சென்சாரை முதலில் அடைகிறது, எதை அடுத்து அடைகிறது என்று பார்த்துக் கணினி இடத்தைச் சொல்லிவிடும். வரப்பில் நடக்கும்போது தவளை கத்தினால் எந்தப் பக்கம் என்று நமக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிகிறதல்லவா, இரண்டு காது இருப்பதால்? அதே கணக்குத்தான். நாங்கள் தகட்டைத் தட்டுவதில்லை, சூடாக்குவதில்லை, எதையும் உள்ளே செலுத்துவதில்லை. அது தானாகச் சத்தம் போடும்வரை காத்திருக்கிறோம். கல்லூரியில் படித்தபோதே இந்த முறை எனக்குப் பிடித்துப்போனது. இதில் சோதிக்கிறவர் எதுவும் செய்வதில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

பூதலூருக்கு வெளியே இருக்கிறது பக்கீர் முகம்மது பாயின் நவீன அரிசி ஆலை. பெயர்ப்பலகையில் அரிசியைவிட நவீனம் பெரிய எழுத்தில் இருக்கும். பாய் குவைத்தில் பல வருடம் கடை வைத்திருந்து, சண்டை வந்தபோது கட்டிய துணியோடு ஊர் திரும்பியவர். இப்போது அதே குவைத்துக்குப் புழுங்கலரிசி அனுப்புகிறார். வாங்குகிறவர்கள் ஆலையின் பாதுகாப்புக்குச் சான்றிதழ் கேட்டார்கள். நாடு கதவைத் திறந்துவிட்ட பிறகு எல்லோரும் சான்றிதழ் கேட்கிறார்கள். பாதுகாப்பைக் கேட்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அமெரிக்கக் கருவியோடு சென்னையிலிருந்து நான் அனுப்பப்பட்டேன்.

"பொண்ணையா அனுப்பியிருக்கீங்க?" என்று பாய் தொலைபேசியில் எங்கள் மேலாளரிடம் விசாரித்தது என் காதில் விழுந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "தப்பா எடுத்துக்காதம்மா. ஏணி ஏறணும், அதுக்குத்தான் கேட்டேன்" என்றார். நான் ஏறினேன்.

நெல்லைக் கொதிநீரில் ஊறவைக்கும் தொட்டி அது. கனத்த தகடுகளைப் பற்றவைத்துச் செய்தது. தூண்களின்மேல் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே, கிழக்கு மேற்காக நீளமாகக் கிடக்கும். அதன் நீண்ட பக்கத்தில் சென்சார்களை வரிசையாக ஒட்டினேன். ஏணி மேற்கே இருந்ததால் ஒன்றாம் எண்ணை மேற்கில் தொடங்கினேன். கீழே நின்றுகொண்டு ஃபோர்மேன் தியாகேசன், "பாத்துக்கங்கடா, தொட்டிக்கு வளகாப்பு. மேடம் பொட்டு வெக்கிறாங்க" என்றார். அன்றிலிருந்து ஆலையில் சென்சாருக்குப் பொட்டு என்று பெயர். தியாகேசன் நல்ல மனிதர். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எதையாவது வேடிக்கையாக்காமல் அவரால் மூச்சுவிட முடியாது.

அம்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். களத்தில் நெல்லைக் கிளறிவிடும் பெண்களில் மூத்தவள். முதல் நாளே என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ செல்லதுரை மவதான? ஒங்கப்பாவும் நானும் ஒரே பண்ணையில நாத்து புடுங்கியிருக்கோம் தங்கம். அந்த மூக்க எங்க பாத்தாலும் சொல்லிடுவேன்" என்றாள். பாயும் தியாகேசனும் பக்கத்தில் இருந்தார்கள். அவள் சொன்னது உண்மை. அப்பா அதை மறைத்ததில்லை, நானும் மறைத்ததில்லை. அவ்வளவு உரக்கச் சொல்ல வேண்டியதில்லை என்று மட்டும் தோன்றியது. மறுநாள் தியாகேசன் மேடம் என்று கூப்பிட்டபோது அந்தச் சொல் கொஞ்சம் வழுக்கியது. நானாகக் கற்பனை செய்துகொண்டேன் என்று நீங்கள் சொல்லலாம். காதால் பிழைக்கிறவள் நான். கற்பனை செய்வது என் வழக்கமில்லை.

கணினிக்கு மேசை போடத் தொட்டியின் கிழக்கு ஓரத்துக்குக் கீழே இடம் கொடுத்தார்கள். ஆலையிலேயே மழைச்சாரல் படாத, கதகதப்பான மூலை அதுதான்.

ஆயுதபூசைக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். வருடாவருடம் பாய் பூசைக்கு வேண்டியதையெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று பொரிகடலைக்குக் கையேந்துவாராம். இந்த வருடம் ஸ்பானர், தராசு, சாக்குத் தைக்கும் ஊசி எல்லாவற்றையும் துடைத்துப் படத்துக்கு முன்னால் வைத்தவர்கள், என் சென்சார்களை மட்டும் விட்டுவிடுவது மரியாதையாக இருக்காது என்று நினைத்திருக்கிறார்கள். தியாகேசனே ஏறிக் கழற்றி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசை முடிந்ததும் கிரீஸ் தடவி அதே அடையாளங்களில் திரும்ப ஒட்டியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது ஒவ்வொன்றின் முதுகிலும் சந்தனம் காய்ந்திருந்தது. சத்தம் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. சென்சார்களின் எண்களைப் பார்க்கவில்லை. இது ஒரு சிறிய கவனக்குறைவு. இதைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை.

அந்த வாரமே தகடு சத்தம் போடத் தொடங்கியது. மேற்கு ஓரம் என்று கணினி காட்டியது. உடனே பாயிடம் சொன்னேன். குறுவை நெல் மழையில் நனைந்து வந்து குவியும் நேரம். பாய் முகம் சுளித்தாலும் தொட்டியை வடிக்கச் சொன்னார். தஞ்சாவூரிலிருந்து வெல்டர் வந்தார். தகட்டின் ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசி, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவிப் பார்த்தார். விரிசல் இருந்தால் சுண்ணாம்பில் கறை தெரியும். தெரியவில்லை. என் பிடிவாதத்துக்காக அந்த இடத்தில் ஒரு சதுரத்தை அறுத்தே எடுத்தார்கள். குற்றமில்லாத தகடு.

தியாகேசன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அருமையான தகடு மேடம். எங்க வீட்டுல தோசக்கல்லு ஓட்டையாப் போச்சு, எடுத்துக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். அம்சம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குள் களத்தில் கிடந்த நெல்லில் ஒரு பகுதி முளைவிட்டிருந்தது. "போவட்டும்மா" என்றார் பாய், பெருந்தன்மையாக. "நீ சான்றிதழ மட்டும் குடுத்துட்டுப் போ. தொட்டிய நாங்க பாத்துக்கறோம்."

எனக்குக் கோபம் வரவில்லை. இதைச் சொல்வது முக்கியம், ஏனென்றால் கோபத்தில் செய்ததாக எழுதினால் தண்டனை குறையும் என்று இந்தத் தாளை எழுதுவதற்கு முன்னால் இராஜாங்கம் சார் என்னிடம் சொன்னார். கோபம் என்பது சூடானது. எனக்கு வந்தது பள்ளிக்கூடத்தில் பழகிய ஒன்று. நான் சரியான விடை சொன்னால் கணக்கு வாத்தியார் தலையை ஆட்டிவிட்டு, முன்வரிசையில் இன்னொருவரிடம் அதே கேள்வியைக் கேட்பார். அந்தப் பிள்ளையும் அதையே சொன்ன பிறகுதான் அது கரும்பலகையில் ஏறும். நான் சொன்னது விடை என்பது தெரிய இன்னொருவர் வேண்டியிருந்தது. நான் அதற்காக அழுததில்லை. காத்திருக்கக் கற்றுக்கொண்டேன்.

அன்று மதியம் வெல்டர் ஓட்டையை அடைத்துவிட்டுப் போன பிறகு தனியாக ஏறிப் பார்த்தேன். ஒன்றாம் எண் கிழக்குக் கோடியில் இருந்தது. வரிசை முழுவதும் தலைகீழ். இறங்கிவந்து, ஏன் இப்படி ஒட்டினீர்கள் என்று தியாகேசனிடம் சாதாரணமாகக் கேட்டேன்.

"ஒன்னாம் நம்பர யாராச்சும் மேக்க பாத்து வெப்பாங்களா மேடம்? சாமி கும்பிட்டுட்டுக் கெழக்கேருந்துதான ஆரம்பிக்கணும்? நீங்க படிச்சவங்க, அவசரத்துல மாத்தி வெச்சிட்டீங்கன்னு நானே சரி பண்ணிட்டேன்."

என் இரண்டு காதுகளையும் கழற்றி இடம் மாற்றி ஒட்டியது போலத்தான். வலப்பக்கம் கத்திய தவளை இடப்பக்கம் கேட்டிருக்கிறது. கணினியில் எண்களைத் திருப்பிப் போட்டேன். விரிசல் கிழக்கு ஓரத்துக்குத் தாவியது. என் மேசைக்கு நேர் மேலே.

நான் சொல்லப் போனேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், போனேன். ஆண்கள் பாய்லர் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் தியாகேசன் இலையிலிருந்து தலையைத் தூக்கி, "வாங்க மேடம். அடுத்து எங்க அறுக்கணும்? கூரையையும் பிரிச்சிப் பாத்துடலாமா?" என்றார். சோற்றுப் பருக்கை தெறிக்க ஒருவர் சிரித்தார்.

"ஒன்னுமில்ல. ஓட்டுங்க" என்றேன்.

யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருந்தது. நான் சொல்லி நிறுத்தியிருந்தால், அறுத்துப் பார்த்து, விரிசல் கிடைத்திருந்தால்கூட, அறுத்த இடத்திலெல்லாம் ஏதாவது இருக்கத்தானே செய்யும் என்றிருப்பார்கள். தகடு தானாகச் சொன்னால் யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள். தண்ணீர் கசியும், தியாகேசன் அண்ணாந்து பார்ப்பார், எங்கே கசிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கசிவு என்றுதான் நினைத்தேன். பெரும்பாலும்.

அன்றே கணினியை அந்த மூலையிலிருந்து மேற்கே நகர்த்தினேன். இறக்குமதிக் கருவி. நனைந்தால் மாற்று கிடைப்பது கடினம், என் பொறுப்பில் இருந்தது.

மேசை போனதும் மூலை காலியானது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. களத்துப் பெண்கள் அதுவரை சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றபடிதான் சாப்பிட்டுவந்தார்கள். இப்போது அந்தக் கதகதப்பான இடத்தில் உட்கார்ந்தார்கள். முதல் நாள் அம்சம் என்னிடம் வந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "எங்களுக்காவ எடத்த விட்டுக் குடுத்துட்டியே தங்கம். நம்ம புள்ளன்னா சும்மாவா" என்றாள்.

நான் மறுக்கவில்லை. நன்றி சொல்கிறவர்களைத் திருத்துவது அநாகரிகம். எழுந்து போங்கள் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அது தியாகேசனுக்குப் போகும். அவர் இன்னொரு தோசைக்கல் கேட்பார்.

சத்தம் வளர்ந்தது. எங்கள் கருவியைத் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனத்துக்கு நான் பதிவுகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். வேலை செய்யும் தொட்டி ஒன்றில் முதல் சத்தத்திலிருந்து கடைசிவரை முழுப் பதிவு உலகத்தில் எங்கும் இல்லை, எல்லோரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்று அங்கிருந்து ஒருவர் ஆதங்கத்தோடு எழுதினார். முழுப் பதிவு கிடைத்தால் என்னை அங்கே அழைத்துக்கொள்வதாகவும் எழுதினார். அமெரிக்காவுக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என்னோடு படித்த எல்லோரும் போய்விட்டார்கள்; போக நினைத்திருந்தால் நானும் எப்போதோ போயிருப்பேன். பாஸ்போர்ட் எடுத்து வைத்திருப்பது வேறு விஷயம்.

ஒவ்வொரு காலையும், இன்று சொல்லிவிடலாம் என்றுதான் ஆலைக்குள் நுழைந்தேன். என்னை நானே நன்றாகத் துழாவிப் பார்த்திருக்கிறேன். பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. மன்னிப்பு வேண்டாம். ஒருவர், ஒரே ஒருவர், சிரிக்காமல் என்னிடம் வந்து கேட்டால் போதும் என்றிருந்தேன். தொட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தால் அந்த நொடியே சொல்லியிருப்பேன்.

அம்சம் கேட்டாள். மறைக்க ஒன்றுமில்லை. கடைசி நாளுக்கு முந்தின நாள், தூக்குவாளியைக் கழுவிக்கொண்டே, "என்ன தங்கம் சொல்லுது ஒன் பொட்டு? மேல என்னமோ நறநறங்கிற மாதிரி இருக்கு. கீழ நாங்க ஒக்காந்துருக்கமே, ஒன்னும் ஆவாதுல்ல?" என்றாள். சிரிக்காமல்தான் கேட்டாள்.

"ஒன்னும் ஆவாது. ஒக்காருங்க" என்றேன்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். இது உங்களுக்கு விசித்திரமாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன். ஆனால் யோசியுங்கள். அம்சம் கேட்டு நான் சொன்னால் அதற்கு என்ன மதிப்பு? அவளுக்குத் தகட்டைப் பற்றி என்ன தெரியும்? அவள் போய்ச் சொன்னால் யார் காதில் ஏறும்? பாய் கேட்டிருக்க வேண்டும், தியாகேசன் கேட்டிருக்க வேண்டும். களத்தில் நெல் கிளறும் பெண் கேட்டதைக் கேட்டதாகவே எடுத்துக்கொள்ள முடியாது. அந்த வாத்தியாராக இருந்தாலும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

மறுநாள் மதியம் நல்ல மழை. மற்ற பெண்கள் கை கழுவ எழுந்துவிட்டார்கள். அம்சத்துக்கு முட்டி வலி. எழுந்திருக்க எப்போதும் நேரமாகும். திரையில் சத்தங்களின் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து ஒரே கறுப்பாயின. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியொன்றை அதுவரை யாரும் பார்த்ததில்லை. கூப்பிட நேரம் இருந்ததா என்று நீங்கள் கேட்டீர்கள். இருந்தது. வாயில் பெயர் வந்தது. அதே நேரத்தில் திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கசியவில்லை, கிழிந்தது. கொதிநீரும் நெல்லும் ஒன்றாக இறங்கின. அவளைத் தூக்கப் போனவர்களில் தியாகேசனும் ஒருவர். அவருடைய கைகள் இன்னும் கட்டுப்போட்டபடி இருப்பதைப் பார்த்தேன். இப்போதெல்லாம் அவர் வேடிக்கை பேசுவதில்லை என்கிறார்கள்.

எங்கள் மேலாளரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "பதிவு பத்திரமா இருக்கா?" என்று. இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த கடிதத்தில் பாராட்டு ஒரு பக்கமும் இரங்கல் ஒரு வரியுமாக இருந்தன. பிறகு நாடாவை வைத்து அளந்தேன். நான் கணித்த புள்ளிக்கும் தகடு முதலில் கிழிந்த இடத்துக்கும் ஒரு சாண்கூட இல்லை.

உள்ளே வரும்போது வராந்தாவில் அம்சத்தின் மகன் அன்பரசனைப் பார்த்தேன். சிங்கப்பூரில் கப்பல்பட்டறையில் இருக்கிறான். காரியத்துக்கு வந்தவன் இன்னும் திரும்பவில்லை. எழுந்து நின்றான்.

"மிஷின் தப்புன்னு எழுதிக் குடுத்துடுங்கக்கா. அம்மா போன் பண்ணுனா ஒங்கள பத்திதான் பேசும். செல்லதுரை மாமா மவ எங்களுக்கு எடம் குடுத்துச்சுடான்னு. ஊருல என்னென்னமோ பேசுறாங்க. நீங்க தெரிஞ்சே செஞ்சீங்கன்னு மட்டும் நான் கேக்கக் கூடாதுக்கா. அத வெச்சிக்கிட்டு நான் அங்க போய் எப்புடி வேல பாக்கறது?"

அவனுக்காகவாவது கையெழுத்துப் போடுங்கள் என்று நீங்களும் சொல்கிறீர்கள். உங்கள் இரக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் தாளில் இருப்பதைத் திரும்பப் படியுங்கள். கருவி தவறாகக் காட்டியது. நாளை ஒவ்வோர் ஆலையிலும் இதைப் படித்துக் காட்டுவார்கள். இந்த முறையை யாரும் நம்ப மாட்டார்கள். உயிர்களைக் காப்பாற்றுவதற்கென்றே கண்டுபிடிக்கப்பட்ட முறை. எண்களைச் சரிசெய்த நாளிலிருந்து அது ஒருமுறைகூடத் தவறவில்லை. அம்சம் அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு மதியமும் அவளுடைய தலைக்கு மேலே இருந்த அந்த இடத்தை அது சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது, நானும் சரியாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

வேறு தாள் கொடுங்கள், இப்போது சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்திடுகிறேன். இதில் போட மாட்டேன். அன்பரசனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். தெரிந்த உண்மையை மறைத்து எனக்குப் பழக்கமில்லை.